‘பால் போதவில்லை’: தலைப்பிரசவத் தாய் ஒருவரின் முதல் ஆறு வாரங்கள்

இந்த நிகழ்வு தாயின் சம்மதத்துடன் எழுதப்படுகிறது. ஊர், மருத்துவமனை, தொழில் போன்ற அடையாள விவரங்கள் விடப்பட்டுள்ளன. குழந்தை பிறந்த நாளை முதல் நாளாகக் கொண்டு நாள்கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. எழுதுபவர் குழந்தை மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் தாய்ப்பால் ஆலோசகராகப் பணியாற்றும் செவிலியர்.

பால் போதவில்லை என்று சொல்லிக்கொண்டு எங்களிடம் வரும் தாய்மார்களில் பெரும்பாலோருக்குப் பால் போதுமான அளவு இருக்கும். குழந்தையின் எடையைப் பார்த்து, பால் கொடுக்கும் விதத்தைச் சற்றுத் திருத்தி, தைரியம் சொல்லி அனுப்பினால் போதும். இந்தத் தாய்க்கு அப்படிச் செய்திருந்தால் தவறாகியிருக்கும். அவர் பயப்படத் தொடங்கியபோது பயப்பட எதுவும் இல்லை. அந்தப் பயத்தால் வீட்டில் செய்த ஏற்பாடுகள் ஒரே வாரத்தில் பயத்தை மெய்யாக்கிவிட்டன.

பின்னணி

தாய்க்கு 27 வயது. முதல் பிரசவம். கல்லூரிக் காலத்திலிருந்தே தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை சாப்பிட்டு வருபவர். கர்ப்ப காலத்தில் வேறு சிக்கல் எதுவும் இல்லை. 39 வாரம் முடிந்த நிலையில் பிரசவ வலி கண்டு, குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்ததால் தனியார் மருத்துவமனை ஒன்றில் அவசரமாகச் சிசேரியன் செய்யப்பட்டது. முதுகுத்தண்டில் ஊசி போட்டுத்தான் அறுவை சிகிச்சை நடந்தது. தாய் முழு நினைவோடு இருந்தார். பெண் குழந்தை, 2.94 கிலோ. பிறந்தவுடன் நன்றாக அழுதது.

குழந்தை மார்பில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது சுமார் ஆறு மணி நேரம் கழித்து. அதற்குள் புட்டியில் இரண்டு முறை பவுடர் பால் கொடுத்திருந்தார்கள். சிசேரியன் என்றால் தாய் வார்டுக்கு வந்த பிறகுதான் பால் என்பது பல இடங்களில் இன்றும் எழுதப்படாத விதியாக இருக்கிறது. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சையில் தாய் விழித்திருப்பதால், ஒருவர் துணைக்கு நின்றால் முதல் ஒரு மணி நேரத்திலேயே குழந்தையை மார்போடு சேர்த்து வைக்கலாம்.

முதல் ஐந்து நாட்கள்

இரண்டாம் நாளில் ‘இன்னும் பால் இறங்கவில்லை’ என்று வார்டில் பேச்சு எழுந்தது. அந்த நேரத்தில் இறங்க வேண்டியது சீம்பால்தான். முதல் நாளில் அது ஒரு வேளைக்கு ஐந்து முதல் ஏழு மில்லி அளவே இருக்கும். குழந்தையின் வயிறும் அவ்வளவுதான் கேட்கும். குழந்தை புட்டியில் 30 மில்லி குடிப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒன்றுமில்லாததாகத் தெரிந்தது. மருத்துவமனையில் இருந்தவரை ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை புட்டிப்பால் தொடர்ந்தது.

நான்காம் நாள் மாலையில் தாயின் மார்பு கனத்துக் கட்டிக்கொண்டது. சேலை நனையும் அளவுக்குப் பால் கசிந்ததாகப் பின்னர் சொன்னார். இதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. சிசேரியன், தலைப்பிரசவம் இரண்டும் பால் இறங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்தக்கூடியவை. அப்படியிருந்தும் இவருக்கு நான்காம் நாளுக்குள் பால் இறங்கிவிட்டது. உடலளவில் சுரப்பு தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது எடை 2.72 கிலோ. பிறந்த எடையில் சுமார் ஏழரை சதவீதம் குறைவு. முதல் சில நாட்களில் ஏழு முதல் பத்து சதவீதம் வரை எடை இறங்குவது உண்டு. பிரசவத்துக்கு முன்பு தாய்க்கு நரம்பு வழியாக நிறையத் திரவம் ஏற்றியிருந்தால் பிறந்த எடையே சற்று உயர்ந்து காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதைத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. ‘எடை குறைந்திருக்கிறது, பால் போதாவிட்டால் பவுடர் கொடுங்கள்’ என்பது மட்டும் அவர் நினைவில் நின்றது. விடுப்புச் சீட்டில் வலி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் எல்லாம் இருந்தன. தைராய்டு மாத்திரை எழுதப்படவில்லை. அவரும் பிரசவத்தோடு அது முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட்டார்.

தாய்வீட்டில் ஒரு வாரம்

தாய்வீட்டில் கவனிப்புக்குக் குறைவில்லை. குழந்தையின் பாட்டி, அதாவது தாயின் அம்மா, பத்தியச் சமையலை ஒரு கலை போலச் செய்பவர். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, காலையில் பிரசவ லேகியம். கூடவே சில கட்டுப்பாடுகளும் இருந்தன. தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு சரியும், தையல் ஆறாது என்று ஒரு நாளைக்கு நான்கு டம்ளருக்கு மேல் தரவில்லை.

ஆறாம் நாளிலிருந்து மாலை ஆறு மணிக்கு மேல் குழந்தை விடாமல் அழத் தொடங்கியது. மார்பில் வைத்தால் பத்து நிமிடம் சப்பும், தூங்கும், கீழே போட்டால் மறுபடியும் அழும். மாலை நேரத்தில் அடுத்தடுத்துக் குடிப்பது பச்சிளம் குழந்தைகளின் இயல்பு. இரவு எட்டு மணிக்கு அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவருக்கு இயல்பு என்ற விளக்கம் எதற்கும் உதவாது. அன்று 60 மில்லி பவுடர் பால் கொடுத்தார்கள். குழந்தை மூன்று மணி நேரம் தூங்கியது. வீட்டில் அனைவருக்கும் அதுவே சாட்சியாகிவிட்டது.

எட்டாம் நாளில் காம்பில் வெடிப்பு வந்தது. வலி தாங்காமல் இரவில் இரண்டு வேளை மார்பில் வைப்பதை நிறுத்திவிட்டுப் புட்டி கொடுத்தார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் கணவர் இணையத்தில் பால் எடுக்கும் பம்ப் ஒன்றை வாங்கி அனுப்பினார். குழந்தை குடித்து முடித்த கையோடு தாய் அதை வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் சேர்த்து 10 மில்லி வந்தது. ‘ஒரு வேளைக்கு எனக்கு வருவதே இவ்வளவுதான்’ என்று முடிவு கட்டிவிட்டார். மிஞ்சியிருந்ததை அளந்துவிட்டு, மொத்தமும் அதுதான் என்று எண்ணிக்கொண்டார். இதே நாட்களில் மார்பின் கனமும் குறைந்து மென்மையானது. முதல் வாரத்து வீக்கம் வடிந்தால் அப்படி ஆகும். இவரோ அதையும் பால் வற்றிப்போனதற்கு அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாளில் புட்டி ஒரு நாளைக்கு ஐந்து முறையாகியிருந்தது. மருந்துக் கடையில் பால் பெருக என்று ஒரு டப்பா சதாவரித் துகளும் வாங்கியிருந்தார்கள்.

கிளினிக்கில் பார்த்தது

பன்னிரண்டாம் நாள் காலை தாயும் பாட்டியும் வந்தார்கள். ‘பால் பெருக மாத்திரை எழுதிக் கொடுங்கள்’ என்பதுதான் கோரிக்கை.

முதலில் மருத்துவர் குழந்தையைப் பார்த்தார். இந்த வரிசை மாறக்கூடாது. எழுப்பினாலும் எழாத சோர்வு, மூன்று நான்கு நாட்களுக்குப் பிறகும் துணியில் செங்கல் பொடி நிறத்தில் சிறுநீர்க் கறை, கால்வரை பரவிய மஞ்சள், பால் குடிக்கவே மறுப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் ஆலோசனைக்கு நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தக் குழந்தை விழிப்பாக இருந்தது; வாய் ஈரமாக இருந்தது; முகத்தில் மட்டும் லேசான மஞ்சள். சப்புவதைத் தடுக்கும் நாக்கு ஒட்டு இல்லை.

துணியெல்லாம் அவிழ்த்துப் போட்ட எடை 2.79 கிலோ. வீட்டுக்குப் போன ஏழு நாளில் 70 கிராம்தான் ஏறியிருந்தது. இந்த வயதில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்ட வேண்டும். பிறந்த எடைக்கு இது இன்னும் ஐந்து சதவீதம் குறைவு. தாய்ப்பாலோடு ஐந்து வேளை புட்டிப்பாலும் குடிக்கும் குழந்தைக்கு இந்த எடை பொருந்தவில்லை.

இன்னொரு முரண்பாடும் இருந்தது. சிறுநீர் ஒரு நாளைக்கு எட்டு முறைக்கு மேல், நிறமில்லாமல். ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று எல்லாத் தாய்மார்களுக்கும் சொல்கிறோம். அந்தக் கணக்கில் இந்தக் குழந்தை தேறிவிட்டது. மலமோ இரண்டு நாளுக்கு ஒருமுறை, கொஞ்சமாகத்தான் போயிருந்தது.

புட்டிப்பாலை எப்படிக் கலக்குகிறீர்கள் என்று கேட்டபோது தாய், ‘அம்மாதான் கலக்குவார்’ என்றார். பாட்டியிடம் டப்பாவையும் புட்டியையும் கொடுத்துக் கலக்கிக் காட்டச் சொன்னோம். அவர் கையைக் கழுவினார். கொதித்து ஆறிய தண்ணீரைப் புட்டியில் 60 மில்லி கோடு வரை ஊற்றினார். டப்பாவிலிருந்து ஒரு கரண்டி பொடியை எடுத்து, விளிம்பில் தட்டிச் சமன் செய்து போட்டார். மூடிக் குலுக்கினார். சுத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பொடிக்கு ஒரு கரண்டிக்கு 30 மில்லி தண்ணீர்தான் கணக்கு. குழந்தை ஒரு வாரமாகக் குடித்தது பாதி அடர்த்தியுள்ள பால்.

ஏன் அந்த அளவு என்று கேட்டோம். ‘இவளுக்குப் பசும்பால் கொடுத்தபோது பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றித்தான் கொடுத்தேன். கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது அல்லவா?’ என்றார் பாட்டி. இருபத்தேழு வருடத்துக்கு முன்பு தன் மகளுக்குச் செய்ததை அப்படியே பேத்திக்கும் செய்திருக்கிறார். டப்பாவில் அளவு அச்சிட்டிருந்தது, ஆங்கிலத்தில். மருத்துவமனையில் பவுடர் கொடுக்கச் சொன்னவர்கள் கலக்கிக் காட்டவில்லை.

சிறுநீர் நிறையப் போனதற்கும் எடை ஏறாததற்கும் விடை ஒன்றே. தண்ணீர் தாராளமாகப் போனது, சத்து போகவில்லை. நீர்த்த பால் வயிற்றை நிறைத்ததால் குழந்தை அடுத்த வேளை மார்பில் ஊக்கமாகக் குடிக்கவுமில்லை. இப்படி நீர்த்த பாலைத் தொடர்ந்து கொடுத்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம். மருத்துவர் அன்றே இரத்தப் பரிசோதனை செய்தார்; சோடியம் இயல்பான அளவின் கீழ்வரம்பில் இருந்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை.

பிறகு பால் கொடுக்கும் விதத்தைப் பார்த்தோம். தாய் தையல் வலிக்குப் பயந்து முன்னால் குனிந்து, குழந்தையின் வாயிடம் மார்பைக் கொண்டுபோனார். இரு விரல்களால் காம்பைச் சுற்றி இடுக்கிப் பிடித்திருந்தார். குழந்தையின் கீழுதடு உள்ளே மடிந்திருந்தது. ஒவ்வொரு சப்பலுக்கும் கன்னத்தில் குழி விழுந்தது, ‘ட்ளக்’ என்ற சத்தம் கேட்டது. விழுங்கும் சத்தம் அரிதாகவே வந்தது. வாயிலிருந்து வெளியே வந்தபோது காம்பு உருண்டையாக இல்லாமல் ஒருபுறம் சாய்வாக நசுங்கியிருந்தது. காம்பை மட்டும் சப்பும் குழந்தைக்குப் பால் குறைவாகத்தான் கிடைக்கும். தாய்க்கும் வெடிப்புதான் மிஞ்சும்.

தாயின் முன்வரலாற்றில் மூன்று விஷயங்களை உறுதிப்படுத்திக்கொண்டோம். கர்ப்ப காலத்தில் மார்பு பருத்ததா? பருத்தது. பிரசவத்துக்குப் பின் மார்பு கட்டியதா? கட்டியது. இரத்தப்போக்கு படிப்படியாகக் குறைகிறதா? ஆம். மூன்றாவதைக் கேட்டது நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியிருந்தால் பால் இறங்குவது தடைப்படும் என்பதால். தைராய்டு மாத்திரை நின்றுபோனது இந்தப் பேச்சில்தான் வெளிவந்தது. தைராய்டு குறைந்தால் உயரும் டி.எஸ்.எச். என்ற இரத்த அளவு 9.8 என்று மறுநாள் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் 9.6.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

புட்டிப்பாலை அன்றே நிறுத்தச் சொல்லவில்லை. தாய்ப்பாலின் மீதுள்ள பற்றில் சிலர் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். எடை ஏறாத குழந்தைக்கு முதல் தேவை சரியான உணவு. அது எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. எனவே முதல் மாற்றம் தண்ணீரில். ஒரு கரண்டி பொடிக்கு 30 மில்லி, ஒரு நாளைக்கு ஆறு வேளை, எப்போதும் மார்பில் குடித்த பிறகு. முன்பு 300 மில்லி குடித்தும் பொடிக்கணக்கில் 150 மில்லி பாலுக்குரிய சத்துதான் போனது. இப்போது 180 மில்லியில் அதைவிடக் கூடுதல் சத்து போகும். வயிற்றிலும் மார்புப் பாலுக்கு இடம் இருக்கும். இந்த எடைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி பால், அதாவது மொத்தம் 420 மில்லி அளவு தேவை. மீதியை மார்பிலிருந்து பெற வேண்டும்.

புட்டிக்குப் பதிலாகப் பாலாடை, அதாவது மூக்குள்ள சிறு கிண்ணம். ரப்பர் காம்பில் பால் தானாக வழியும். மார்பில் சப்பி இழுக்க வேண்டும். வெகு சீக்கிரம் குழந்தை சுலபமானதைத் தேர்ந்துவிடும். பாலாடையில் கொடுக்கப் பாட்டிக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. சங்கில் ஊற்றிப் பழகிய கை.

குழந்தையை வைக்கும் நிலையை மாற்றினோம். தையலில் படாதபடி குழந்தையைத் தாயின் பக்கவாட்டில், கையிடுக்கில் வைத்து, கால்கள் தாயின் முதுகுப்பக்கம் போகும்படி. முதுகுக்குத் தலையணை. குழந்தை வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, முகவாய் முதலில் மார்பில் படும்படி அணைக்கச் சொன்னோம். மூன்றாவது முயற்சியில் குழந்தை நன்றாகப் பற்றியது. வலி எப்படி என்று கேட்டபோது தாய் பதில் சொல்லாமல் குழந்தையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது விழுங்குவது தெரிந்தது.

அந்த வேளைக்கு முன்னும் பின்னும் அதே துணியோடு எடை பார்த்தோம். இரண்டு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசு. ஏற்றம் 34 கிராம், அதாவது ஏறக்குறைய 34 மில்லி. ஒரு வேளையை வைத்து நாள் முழுவதையும் கணிக்கக்கூடாது என்று சொல்லித்தான் காட்டினோம். ஆனால் ‘உங்களுக்கு நிறையப் பால் இருக்கிறது’ என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பாதவர் தராசின் எண்ணை நம்பினார். வெறும் ஆறுதல் வார்த்தையால் இந்தப் பயம் போவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு நாளைக்கு எட்டு வேளைக்குக் குறையாமல், மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் மார்பில் கொடுக்க வேண்டும். இரவில் விட்டுப்போன இரண்டு வேளைகளும் திரும்ப வர வேண்டும். மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும், காலியானால் கூடும். புட்டி வந்த வேளைகளில் மார்பு காலியாகாததுதான் இவருக்குச் சுரப்பு இறங்கிய வழி. பால் சுரக்கவைக்கும் ப்ரோலாக்டின் இரவில் கூடுதலாக இருப்பதால் இரவு வேளைகளை விடக்கூடாது. பகலில் நான்கைந்து முறை குடித்த பிறகு கையால் பத்து நிமிடம் பீச்சி, கிடைப்பதைப் பாலாடையில் அடுத்த வேளைக்குச் சேர்க்கச் சொன்னோம். பம்பின் புனல் அவருக்குப் பெரிதாக இருந்ததால் அதைத் தற்காலிகமாக ஒதுக்கினோம்.

மாத்திரை எழுதவில்லை. டோம்பெரிடோன் போன்றவை சிலருக்குச் சுரப்பைக் கூட்டலாம். ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு உண்டாக்கக்கூடும் என்பதால் பாலுக்காக அதைப் பயன்படுத்துவது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரித்தது. மார்பு சரியாகக் காலியாகாதபோது எந்த மருந்தும் வெகுநாள் பயன் தராது. தைராய்டு மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன் சாப்பிட்ட அளவில் மருத்துவர் மீண்டும் தொடங்கினார். தைராய்டு குறைபாடு தன்னளவிலேயே சுரப்பைக் குறைக்கக்கூடியது. இரும்புச்சத்து மாத்திரை தொடர்ந்தது.

பத்தியத்தில் கை வைக்கவில்லை. பூண்டும் சுறாவும் பாலைப் பெருக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லாவிட்டாலும், அறுவை சிகிச்சை ஆறும் உடலுக்கு அவை நல்ல உணவு; அன்போடு வருபவை வேறு. தண்ணீர்க் கட்டுப்பாட்டை மட்டும் தளர்த்தச் சொன்னோம், தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கும்படி.

பாட்டிக்கு ஒரு பொறுப்பு கொடுத்தோம்: பாலாடையில் போகும் அளவு, சிறுநீர், மலம் மூன்றையும் குறித்து வைப்பது. கலக்கிய அளவு தவறு என்று தெரிந்ததும் அவர் முகம் வாடியிருந்தது. பொடி டப்பாவுக்குப் பசும்பால் கணக்கு பொருந்தாது என்று யாரும் சொல்லாததுதான் காரணம் என்று மகள் எதிரிலேயே மருத்துவர் சொன்னார். தினசரி காலண்டர் தாளின் பின்புறத்தில் அவர் மூன்று வரிசையாகக் கோடு போட்டுக் கொண்டுவந்தார். பல படித்தவர்கள் கைப்பேசிச் செயலியில் வைத்திருக்கும் கணக்கைவிட அது தெளிவாக இருந்தது.

தொடர்ந்த நாட்கள்

பதினான்காம் நாள் 2.84 கிலோ. மலம் மஞ்சளாக, நாளுக்கு மூன்று முறை. காம்பு வெடிப்பு ஆறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் தன் பாலையே சிறிது தடவி உலரவிடச் சொல்லியிருந்தோம்.

பதினேழாம் நாள் 2.94. பிறந்த எடை திரும்பியது. பீச்சிய பால் ஒரு நாளைக்கு 60 மில்லி வரை கிடைத்ததால் பவுடரை ஆறிலிருந்து நான்கு வேளையாகக் குறைத்தோம்.

இருபதாம் நாள் 2.95. மூன்று நாளில் பத்தே கிராம். பாட்டியின் தாளைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது: பதினேழாம் நாளிலிருந்து பாலாடை வரிசையே வெறுமையாக இருந்தது. எடை திரும்பிய மகிழ்ச்சியில் தாய் பவுடரை அன்றே முழுவதுமாக நிறுத்திவிட்டார். சுரப்பு ஏறிக்கொண்டிருந்தது, நான்கு வேளைக்கு ஈடாக ஒரே நாளில் ஏறாது. பழைய பயம் உடனே திரும்பியது. ‘எனக்கு இவ்வளவுதான் போலிருக்கிறது’ என்றார்.

மறுபடியும் முன்னும் பின்னும் எடை பார்த்தோம். இந்த முறை 52 கிராம். இதைக் காட்டி, மூன்று வேளை 30 மில்லியைத் திரும்பச் சேர்த்தோம். பீச்சிய பால் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் பவுடர். நான்கு நாளுக்கு ஒரு வேளை வீதம் குறைப்பது, ஒவ்வொரு முறையும் எடையைப் பார்த்த பிறகே அடுத்ததைக் குறைப்பது என்று எழுதிக் கொடுத்தோம். இருபத்து நான்காம் நாள் 3.06. இருபத்தெட்டாம் நாள் 3.18, அன்றைக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேளை, அதுவும் பீச்சிய பால். பவுடர் அதற்கு முந்தைய நாளோடு நின்றுவிட்டது.

முப்பதாம் நாள் பெயர் சூட்டும் விழா. வந்த உறவினர் ஒருவர் குழந்தை இளைத்திருப்பதாகவும், தாய்ப்பால் தண்ணீராக இருப்பதால்தான் மாலையில் அழுகிறது என்றும் சொல்லியிருக்கிறார். ‘எடை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, சீட்டைப் பார்’ என்று பாட்டியே பதில் சொல்லிவிட்டதாகத் தாய் அடுத்த முறை வந்தபோது தெரிவித்தார்.

நாற்பத்திரண்டாம் நாள், ஆறு வாரத் தடுப்பூசிக்கு வந்தபோது எடை 3.60 கிலோ. முந்தைய இரண்டு வாரத்தில் நாளுக்கு 30 கிராம் வீதம் ஏறியிருந்தது. முழுவதும் தாய்ப்பால். மாலை நேர அழுகை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. டி.எஸ்.எச். 4.1.

எது பலித்தது

பல மாற்றங்களை ஒரே நாளில் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. முதல் இரண்டு நாட்களில் 50 கிராம் ஏறியது பெரும்பாலும் சரியான அளவில் கலந்த பவுடரால் என்றே நினைக்கிறேன். சுரப்பு கூடுவதற்கு அவ்வளவு சிறிய காலம் போதாது. அதன் பிறகான ஏற்றம் குழந்தை நன்றாகப் பற்றியதாலும் இரவு வேளைகள் திரும்பியதாலும். தைராய்டு மாத்திரையின் பங்கு முழுமையாகத் தெரிய வாரங்கள் ஆகும். அதைத் தொடங்காமல் விட்டிருந்தால் மற்றவை இந்த அளவுக்குப் பலித்திருக்குமா என்பது சந்தேகம்.

மாற வேண்டியவை

பவுடர் பால் கொடுக்கச் சொல்லும் எவரும், அதை வீட்டில் கலக்கப்போகிறவர் யார் என்று கேட்டு, அவரைக் கலக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். வீட்டில் கலக்குபவர் பெரும்பாலும் தாய் அல்ல. 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட மத்திய அரசுச் சட்டம் குழந்தைப் பால் பொருட்களையும் புட்டிகளையும் விளம்பரப்படுத்துவதைத் தடை செய்கிறது. அது நல்ல சட்டம். அதைக் காரணம் காட்டிப் பவுடர் பாலைப் பற்றியே பேசாமல் இருந்துவிடுவது வேறு. கொடுக்கச் சொல்லிவிட்டு அளவைச் சொல்லாமல் அனுப்பியதன் விலை இந்தக் குழந்தைக்கு ஒரு வார வளர்ச்சி.

விடுப்புச் சீட்டில் பிரசவத்துக்கு முன்பிருந்தே சாப்பிட்டுவரும் மாத்திரைகள் தனி வரியாக இருக்க வேண்டும்: எது தொடர்கிறது, எது நிற்கிறது, யார் முடிவு செய்தது. ஐந்தாம் நாள் எடைக்குப் பக்கத்தில், அடுத்த எடை எப்போது, அப்போது எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதும் எழுதப்பட வேண்டும். இந்தத் தாய்க்கு அடுத்த சந்திப்பு என்று குறித்திருந்தது தையலைப் பார்க்கத்தான். குழந்தையின் எடைக்கு ஒரு தேதியும் இல்லை. கர்ப்பப் பதிவு கணவர் வீட்டுப் பகுதியில் இருந்ததால் தாய்வீட்டுப் பகுதியின் கிராம சுகாதார செவிலியருக்கு இப்படி ஒரு பிரசவம் நடந்ததே தெரியவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் பெண்களின் வழக்கம். பதிவேடு அந்த வழக்கத்தோடு கூடவே நகர வேண்டும்.

எங்கள் கிளினிக்கிலும் ஒன்றை மாற்றியிருக்கிறோம். பால் போதவில்லை என்று தொலைபேசியில் சொல்லி நேரம் கேட்பவர்களிடம், வரும்போது பவுடர் டப்பா, அதன் கரண்டி, புட்டி எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்கிறோம். சிறுநீர்க் கணக்கைக் கேட்கும்போது, ‘புட்டியும் கொடுக்கிறீர்களா, தண்ணீர் எவ்வளவு, பொடி எவ்வளவு’ என்பதையும் அதே வரியில் எழுதுகிறோம். புட்டி உள்ளே வந்துவிட்ட வீட்டில் ஆறு முறை சிறுநீர் என்பது எதையும் உறுதிப்படுத்துவதில்லை. எடையைத்தான் பார்க்க வேண்டும்.